முந்நூற்றைம்பது ரூபாய்

அக்கா போன் செய்தால் பாதி நேரம் அது புகாராகத்தான் இருக்கும். அன்றைக்கும் அப்படித்தான்.

"உன் மருமகன் பண்றதைக் கேளு. காரை எடுத்துட்டுப் போய் ரேஸ் டிராக்குல ஓட்டப் போறானாம். காசு வேற கட்டிட்டானாம். நீ சொன்னா கேப்பான். ஒரு வார்த்தை சொல்லுடா."

நான் சொன்னால் கேட்பான் என்பது உண்மை. பிரச்னையே அதனால்தான் வந்தது.

பையனுக்கு 25 வயது. அக்காவுக்கு ஒரே பிள்ளை. தீவிர அஜித் ரசிகன். மற்ற ரசிகர்கள் கட்-அவுட்டுக்குப் பால் ஊற்றிக்கொண்டிருந்தபோது, இவன் 2010-ல் அவர் ஃபார்முலா 2 ஓட்டிய செய்திகளைப் பேப்பரிலிருந்து வெட்டி நோட்டில் ஒட்டிக்கொண்டிருந்தான். 2025 ஜனவரியில் துபாயில் பயிற்சியின்போது அஜித்தின் கார் தடுப்பில் மோதிப் பம்பரமாகச் சுற்றியதே, அந்த வீடியோ எல்லார் வாட்ஸ்அப்புக்கும் வந்த மாதிரி அக்காவின் வாட்ஸ்அப்புக்கும் வந்தது. அவர் காயமில்லாமல் இறங்கி நடந்து போனதை அக்கா பார்த்தாளா தெரியாது. சுற்றியதைப் பார்த்துவிட்டாள். அந்த மனநிலையில் இருக்கிறவளிடம் போய், "அம்மா, டிராக் டே போறேன்" என்றால்?

டிராக் டே என்பது ரேஸ் இல்லை. அதை நானே பையனிடம் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். கட்டணம் கட்டி, சொந்தக் காரையோ பைக்கையோ கொண்டுபோய், ஹெல்மெட் மாட்டிக்கொண்டு, பதினைந்து இருபது நிமிஷம் ஓட்டுவது. பிறகு வெளியே வந்து நிழலில் உட்கார்ந்து தண்ணீர் குடிப்பது. திரும்ப உள்ளே போவது. கோப்பை கிடையாது. யாரும் யாரையும் ஜெயிப்பதில்லை. நேர் ரோட்டில், முன்னால் போகிறவர் கை காட்டினால்தான் முந்தலாம். ஜி.எஸ்.டி. ரோட்டில் ராத்திரி பதினோரு மணிக்கு விரட்டுவதைவிட இது ஆயிரம் மடங்கு பத்திரம் என்று பையன் சொன்னான். எதிரே லாரி வராது, குறுக்கே மாடு வராது. மறுக்க முடியவில்லை.

இடம் இருங்காட்டுக்கோட்டை. பெங்களூர் ஹைவேயில் ஸ்ரீபெரும்புதூருக்குக் கொஞ்சம் முன்னால். மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953-ல் ஆரம்பித்தது. ஆனால், இந்த டிராக் வந்தது 1990-ல்தான். அதற்கு முன்னால் சோழவரத்தில், உலகப் போர்க்காலத்து விமான ஓடுதளத்தில் பந்தயம் நடக்கும். என் அப்பா தலைமுறை ஆட்கள் வெயிலில் கைக்குட்டையைத் தலையில் கட்டிக்கொண்டு அங்கே போய் நின்றவர்கள். இருங்காட்டுக்கோட்டை டிராக் 3.7 கிலோமீட்டர், 12 வளைவு. இப்போது மெட்ராஸ் இன்டர்நேஷனல் சர்க்யூட் என்று பெயர். ஆட்டோக்காரரிடம் சொன்னால் இன்னமும் "ரேஸ் டிராக்கா சார்?" என்றுதான் கேட்பார்.

நான் பி.காம். படித்தவன். ஆகவே முதல் வேலையாக இன்ஷூரன்ஸ் பாலிசியை எடுத்துப் படித்தேன். எந்த உபயோகத்துக்கெல்லாம் செல்லாது என்று பொடி எழுத்தில் ஒரு பட்டியல் இருக்கிறது. பந்தயம், வேகச் சோதனை எல்லாம் அதில் அடக்கம். டிராக்கில் இடித்தால் நம் பாக்கெட்டிலிருந்துதான் போகும். அதைப் பையனிடம் சொன்னேன். "இடிக்க மாட்டேன் மாமா" என்றான். இந்த வயதில் நானும் இப்படித்தான் சொல்லியிருப்பேன்.

அக்காவிடம் சமரசம் பேசினேன். "போகட்டும்கா. ஆனா நல்ல டயர் போட்டுட்டுப் போகட்டும். டயர் நல்லா இருந்தா பாதி ஆபத்து குறைஞ்சிடும். பாதி காசு நான் தர்றேன்."

இந்த ஒரு வாக்கியத்தை நான் பிறகு பல தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன்.

டயர் கடையில் ஒரு சனிக்கிழமை முழுவதும் செலவழித்தோம். இருபது வருஷமாகக் கார் ஓட்டுகிறேன், டயரின் பக்கவாட்டில் எழுதியிருப்பதை அன்றுதான் முழுசாகப் படித்தேன். 195/55 R15 85V என்று இருந்தால், அகலம் 195 மில்லிமீட்டர், பக்கவாட்டு உயரம் அகலத்தில் 55 சதவிகிதம், ரிம் 15 இன்ச், ஒரு டயர் தாங்கும் எடை 515 கிலோ, V என்றால் மணிக்கு 240 கிலோமீட்டர் வரை தாங்கும். நாலு இலக்க எண் ஒன்று இருக்கிறது. 2324 என்று இருந்தால் 2024-ம் வருஷம் 23-வது வாரம் பிறந்தது. டயருக்கு ஜாதகமே எழுதியிருக்கிறார்கள்.

சில டயர்களில் ட்ரெட்வேர் என்று ஒரு நம்பரும் இருக்கும். 100 என்பது அளவுகோலாக வைத்த டயர். 400 என்றால் அதைவிட நாலு பங்கு உழைக்கும் என்று கணக்கு. நம்பர் குறையக் குறைய ரப்பர் மென்மையாகும், ரோட்டைப் பிடித்துக்கொள்ளும், சீக்கிரம் தேயும். இந்த மார்க்கைப் போடுவது அந்தந்தக் கம்பெனியே என்பதால் இரண்டு கம்பெனி நம்பர்களை அப்படியே ஒப்பிட முடியாது. தன் பிள்ளைக்குத் தானே பேப்பர் திருத்துவது மாதிரி. வெளிநாட்டில் அமெச்சூர் போட்டிகள் பலவற்றில் 200-க்குக் குறைந்த டயர் கூடாது என்று விதியே வைத்திருக்கிறார்கள். இல்லாவிட்டால் காசு இருப்பவன் ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு செட் டயர் என்று வாங்கி ஜெயித்துக்கொண்டிருப்பான்.

கடையில் இருந்ததில் நம்பர் குறைந்ததாகப் பார்த்து எடுத்தோம். நாலு டயர் 34 ஆயிரம். என் பங்கு 17. பழைய டயர்களை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டோம்.

அலைன்மென்ட் பார்க்க நம்ம பாயிடம் போனோம். பாய் என்றால் எங்கள் ஏரியா மெக்கானிக். அவர் ஷெட்டில் போர்டு கிடையாது, விசிட்டிங் கார்டு கிடையாது. காலை ஒன்பது மணிக்கு நாலு கார் நிற்கும். டயரைப் பார்த்து, "சூப்பர் டயரு தம்பி" என்றவர், பானெட்டைத் திறந்து பிரேக் ஆயில் டப்பாவை டார்ச் அடித்துப் பார்த்தார்.

"ஆயில் கறுத்துடுச்சே. எப்ப மாத்துனது?"

பையன் என்னைப் பார்த்தான். செகண்ட் ஹேண்டில் வாங்கிய, ஆறு வருஷக் கார். யாருக்குத் தெரியும்?

"மாத்திடலாமா தம்பி? ஆயில் முந்நூத்தம்பது, லேபர் தனி."

இந்த இடத்தில் பையன் ஒன்றும் சொல்லவில்லை. நான்தான் சொன்னேன். "லெவல் இருக்குல்ல பாய்? அடுத்த சர்வீஸ்ல பாத்துக்கலாம்."

"லெவலு இருக்கு சார்..." என்று இழுத்தார். இழுத்ததை நான் காதில் வாங்கவில்லை. 34 ஆயிரம் செலவழித்த களைப்பு.

டிராக் டே அன்று காலை ஆறரைக்கெல்லாம் போய்விட்டோம். விதவிதமான கார்கள். ஒன்றின் பானெட்டைத் திறந்தால் உள்ளே இருப்பது என் வீட்டு விலை. எங்களுக்குப் பக்கத்தில் ஒரு பெரியவர் நின்றிருந்தார். அறுபதுக்கு மேல் இருக்கும். பழைய மாருதி எஸ்டீம். சாதாரண டயர். எங்கள் டயரை வந்து பார்த்தார். பிராண்டைப் பார்க்கவில்லை, குனிந்து அந்த நாலு இலக்கத்தைப் பார்த்தார். புதுசுதான் என்று தலையாட்டிவிட்டு, பையனிடம் கேட்டார்.

"முதல் தடவையா?"

"ஆமா சார்."

"முதல் தடவைக்கு எதுக்குப்பா இந்த டயரு? கத்துற டயர் நல்ல டயர். வேகம் ஜாஸ்தியாயிடுச்சுன்னு கீச்சுகீச்சுன்னு முன்னாடியே சொல்லிடும். இது ரொம்ப நேரம் பேசாம பிடிச்சுக்கும். விடறப்ப மொத்தமா விடும்."

பொறாமை என்று நினைத்தேன். ஆமாம், அப்படித்தான் நினைத்தேன்.

முதல் செஷன் அபாரம். நான் பிட் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பையன் ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக வேகம் கூட்டினான். வந்து இறங்கியபோது அவன் முகத்தில் பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த நாளின் சிரிப்பு. "மாமா, டயர் ஒட்டுது மாமா, ஃபெவிகால் மாதிரி!" காரைக் கொண்டுவந்து நேராக நிழலில் நிறுத்தி, வழக்கம்போல ஹேண்ட் பிரேக் போட்டு, அணைத்துவிட்டு வந்திருந்தான். முன் சக்கரங்களிலிருந்து ஏதோ கருகிய வாசனை. புது டயர் வாசனை என்று முடிவு கட்டினேன். அந்த நாளில் நான் கட்டாத முடிவே இல்லை.

இரண்டாவது செஷனுக்கு உட்கார்ந்தவன் பிரேக்கை மிதித்துப் பார்த்துவிட்டுக் கண்ணாடியை இறக்கினான்.

"மாமா, பெடல் கொஞ்சம் தொளதொளன்னு இருக்கு."

"புது டயர்ல, அப்படித்தான் இருக்கும். போ."

டயருக்கும் பிரேக் பெடலுக்கும் என்ன சம்பந்தம்? எனக்குத் தெரியாது. ஆனால் மாமா சொன்னால் அவன் கேட்பான்.

மூன்றாவது சுற்று. நேர் ரோட்டில் முழு வேகத்தில் வந்து கனமாகப் பிரேக் பிடிக்க வேண்டிய இடம். மற்ற கார்களெல்லாம் அங்கே மூக்கைக் குனிந்துகொண்டு வேகம் குறைத்தன. எங்கள் கார் குனியவில்லை. வளைவு திரும்பியது, கார் திரும்பாமல் நேராகப் போய்ப் புல்லில் இறங்கியது. ஒரு பெரிய புழுதி மேகம். அந்த மேகம் கலைய எத்தனை விநாடி ஆகியிருக்கும்? ஆறா, ஏழா? அதற்குள் அக்காவிடம் என்ன சொல்வது என்று மூன்று விதமாக யோசித்து, மூன்றும் பொருந்தாமல் நின்றுகொண்டிருந்தேன்.

புழுதி அடங்கியது. டயர்களை அடுக்கிக் கட்டிய தடுப்புக்குப் பத்தடி முன்னால் கார் நின்றிருந்தது. கதவு திறந்து பையன் இறங்கினான். கட்டை விரலைத் தூக்கிக் காட்டினான். என் கால்கள் அதற்குப் பிறகுதான் நடுங்க ஆரம்பித்தன.

"மிதிச்சேன் மாமா, பெடல் தரை வரைக்கும் போயிடுச்சு. ஒண்ணுமே இல்ல. காத்தை மிதிச்ச மாதிரி. அப்புறம் டக்டக்டக்னு நாலு வாட்டி மிதிச்சேன், கியரைக் குறைச்சேன். கொஞ்சம் பிடிச்சுது."

யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று கேட்டேன். காலையில் டிரைவர்களுக்கு நடந்த பாடத்தில் சொன்னார்களாம். நான் அந்த நேரம் கேன்டீனில் பொங்கல் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

எஸ்டீம் பெரியவர் வந்து பானெட்டைத் திறக்கச் சொன்னார். பிரேக் ஆயில் டப்பாவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை என்றிருந்தது.

கார் டோ வண்டியில் பாய் ஷெட்டுக்கு வந்தது. பாயும் ஒன்றும் குத்திக்காட்டவில்லை. ஒரு டீ சொல்லிவிட்டு விளக்கினார். அவர் சொன்னதையும், பிறகு நானே உட்கார்ந்து படித்துக் கணக்குப் போட்டதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

பிரேக் பிடிப்பது என்றால் காரின் வேகத்தைச் சூடாக மாற்றுவது. வேறு ஒன்றுமில்லை. டிரைவரோடு சேர்த்து 1,100 கிலோ கார், 140 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 60-க்கு இறங்குகிறது என்று வையுங்கள். அந்த நாலைந்து விநாடியில் பிறக்கும் சூட்டில் இரண்டு லிட்டருக்கும் மேல் தண்ணீரைப் பச்சைத் தண்ணியிலிருந்து கொதிக்கிற நிலைக்குக் கொண்டுவந்துவிடலாம். ஒரு வளைவுக்கு ஒரு குடும்பத்துக்கான காபி. ரோட்டில் சிக்னலுக்கு சிக்னல் பிரேக் பிடித்தால் நடுவில் ஆறும். டிராக்கில் அடுத்த வளைவு உடனே வருகிறது. வேகம் இரண்டு மடங்கானால் சூடு நாலு மடங்காகும் என்பது இன்னும் மோசம். இதில் பெரும்பங்கு முன் சக்கரத்து இரண்டு டிஸ்க்குகள் தலையில் விழுகிறது. பிரேக் பிடிக்கும்போது கார் முன்னால் சாய்கிறதே, அதனால்.

அந்தச் சூடு டிஸ்க்கிலிருந்து பேடுக்கு, பேடிலிருந்து காலிபருக்கு, காலிபரிலிருந்து உள்ளே இருக்கும் பிரேக் ஆயிலுக்குப் போகிறது. ஆயில் என்று நாம் சொல்கிறோமே தவிர அது எண்ணெய் இல்லை. கிளைகால் வகைத் திரவம். அதன் குணம், காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சுவது. மூடி வைத்தாலும் வருஷக்கணக்கில் சிறுகச் சிறுக உறிஞ்சும். டாட் 4 வகை ஆயில் புதுசாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. அதில் நூற்றுக்கு மூன்றே முக்கால் பங்கு தண்ணீர் சேர்ந்துவிட்டால், 155 டிகிரி தாங்கினாலே போதும் என்று அந்தத் தரமே சொல்கிறது. டாட் 3 என்றால் 205-ம் 140-ம். கொதித்தால் குமிழி வரும். திரவத்தை அழுத்திச் சுருக்க முடியாது, ஆவியைச் சுருக்கலாம். நீங்கள் மிதிக்கிற மிதி முழுக்க அந்தக் குமிழியைச் சுருக்குவதிலேயே போய்விடும். சக்கரத்துக்கு ஒன்றும் போய்ச் சேராது. இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாற்றச் சொல்வது இதனால்தான். லெவல் இருந்ததா என்று நான் கேட்டேன் பாருங்கள், லெவல் இருந்தது. தண்ணீரும் சேர்ந்து.

பையன் முதல் செஷன் முடிந்து சூடாக வந்து அப்படியே நிறுத்தியதும் தப்பு. கடைசிச் சுற்றை மெதுவாக, பிரேக்கே தொடாமல் ஓட்டி, காற்றில் டிஸ்க்கை ஆறவிட வேண்டும். நின்ற காருக்குக் காற்றோட்டம் கிடையாது, டிஸ்க்கின் சூடு முழுக்க நிதானமாகக் காலிபருக்குள் இறங்கும். ஓட்டும்போது கொதிக்காத ஆயில் நிழலில் நின்றபோது கொதித்திருக்கிறது. அந்தத் தொளதொளப்பு அதுதான். "பெடல் உள்ள போனா ஆயிலு சார். பெடல் கல்லு மாதிரி நின்னு, வண்டி மட்டும் நிக்கலேன்னா பேடு. ரெண்டும் வேற நோய், வேற மருந்து" என்றார் பாய். இதை எந்தப் புத்தகமும் எனக்கு இவ்வளவு சுருக்கமாகச் சொல்லவில்லை.

கடைசியாக ஒன்று சொன்னார். அதுதான் எனக்குத் தூக்கம் வராமல் செய்தது.

"பழைய டயர் இருந்திருந்தா இது ஆயிருக்காது சார்."

எப்படி?

பழைய டயரில் அவனால் அவ்வளவு வேகமாக வளைவிலிருந்து வெளியே வந்திருக்க முடியாது. நேர் ரோட்டின் முடிவில் அவ்வளவு வேகம் சேர்ந்திருக்காது. அவ்வளவு தாமதமாக, அவ்வளவு பலமாகப் பிரேக் பிடிக்க முயன்றிருந்தால் டயர் வழுக்கி, ஏ.பி.எஸ். உதறி, "போதும்டா" என்று சொல்லியிருக்கும். புது டயர் அத்தனைக்கும் சரி சரி என்றது. டயர் கொடுத்த கடனுக்கு வட்டி கட்டியது பிரேக். டயரும் பிரேக்கும் தனித்தனி அயிட்டம் என்று நான் நோட்டில் இரண்டு வரியாக எழுதி, ஒன்றுக்கு 34 ஆயிரமும் இன்னொன்றுக்கு சைபரும் போட்டேன். பத்திரத்துக்காக வாங்கிக் கொடுத்த சாமான்தான் அவனைப் புல்லுக்கு அனுப்பியது.

பையன் சும்மா இருப்பானா? இந்தத் தடவை மறுபக்கம் சாய்ந்தான். ஆயில் மாற்றியதோடு நிற்காமல், அசல் ரேஸ் பேடு ஒரு செட் வரவழைத்து மாட்டினான். நானும் வாய் திறக்கவில்லை. பேச எனக்கு என்ன அருகதை?

ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை, மழை விட்ட ஈரம். பூந்தமல்லி அருகே சிக்னல் சிவப்பு. வேகம் ஐம்பதுகூட இருக்காது. பையன் பிரேக்கை மிதித்தான். கார் யோசித்தது. எங்களுக்கு முன்னால் டி.வி.எஸ். எக்ஸ்.எல்.லில் பின்னால் பூக்கூடை கட்டிய ஒருவர். இன்னும் பலமாக மிதித்தான். பூக்கூடைக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. பூக்காரர் திரும்பிப் பார்த்து, கெட்ட வார்த்தை எதுவும் சொல்லாமல், "பாத்துப் போப்பா" என்றார். அது இன்னும் சுட்டது.

ரேஸ் பேடு சூடானால்தான் வேலை செய்யும். பச்சையாக இருக்கும்போது மரக்கட்டை. டிராக்கில் இரண்டு சுற்று ஓட்டிச் சூடேற்றிக்கொள்ளலாம், பூந்தமல்லியில் யார் சூடேற்றுவது? போதாததற்கு டிஸ்க்கைத் தின்னும், ஊர் எழும்பக் கிறீச்சிடும். டிராக்குக்குக் காரை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய், அங்கேயே மாட்டி, அங்கேயே கழற்றுகிறவர்களுக்கான சாமான் அது. அதே காரில் திங்கட்கிழமை ஆபீஸ் போகிறவனுக்கு இல்லை.

அப்புறம்தான் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு போனோம். பேடு வாங்கும்போது பலவற்றின் ஓரத்தில் இரண்டு ஆங்கில எழுத்து அச்சடித்திருப்பதைப் பார்க்கலாம். FE, FF, GG என்று. முதல் எழுத்து சாதாரண சூட்டில் உராய்வு எவ்வளவு, இரண்டாவது எழுத்து நன்றாகச் சூடேறிய பிறகு எவ்வளவு. E என்றால் 0.25-லிருந்து 0.35 வரை, F 0.45 வரை, G 0.55 வரை. பையனின் பழைய பேடில் FE இருந்தது. சூடானால் ஒரு படி இறங்கிவிடும் என்று அதன் நெற்றியிலேயே எழுதியிருந்திருக்கிறது, நாம்தான் படிக்கவில்லை. ஆனால், இந்த எழுத்தை மட்டும் நம்பியும் வாங்கக்கூடாது. அந்தச் சோதனையே சுமார் 340 டிகிரியோடு நின்றுவிடுகிறது, டிராக்கில் டிஸ்க் அதைத் தாண்டிப் போகும். ஆகவே கடையில் கேட்க வேண்டிய கேள்வி, "பச்சையில் பிடிக்குமா, எந்தச் சூடு வரை தாங்கும்" என்பதுதான். இரண்டுக்கும் பதில் வைத்திருக்கிற, ரோட்டுக்கும் டிராக்குக்கும் நடுவிலான ஒரு செட்டை வாங்கினோம். ரேஸ் பேடு விலையில் பாதிகூட இல்லை.

பேடை மாட்டினால் மட்டும் போதாது, டிஸ்க்கோடு பழக்க வேண்டும். பாய் காலை ஐந்து மணிக்கு ஆள் இல்லாத ரோட்டுக்குக் கூட்டிப்போனார். 80-லிருந்து 20 வரை மிதமாகப் பிரேக், முழுசாக நிறுத்தக்கூடாது. மறுபடி 80. இப்படிப் பத்துத் தடவை. பிறகு பிரேக் தொடாமல் அஞ்சாறு கிலோமீட்டர். சூட்டோடு ஒரே இடத்தில் நிறுத்தி அழுத்திக்கொண்டிருந்தால் பேடின் பொருள் டிஸ்க்கில் திட்டாக ஒட்டிக்கொள்ளும். அப்புறம் ஸ்டியரிங் உதறும், நாம் "டிஸ்க் பெண்டு" என்று சொல்லிக்கொண்டு திரிவோம். ஆயில் டாட் 4-தான் போட்டார். 5.1 போடலாமா என்று பையன் கேட்டதற்கு, "போடலாம். ஆனா வெறும் அஞ்சு போட்டுடாத தம்பி, அது வேற ஜாதி, சிலிகான்" என்றார்.

மூன்று மாதம் கழித்துத் திரும்ப இருங்காட்டுக்கோட்டை. எஸ்டீம் பெரியவர் இருந்தார். இந்தத் தடவை காற்று விஷயம் அவர் உபயம். காலையில் 30 பி.எஸ்.ஐ. வைத்த டயர், ஒரு செஷன் முடிந்து வரும்போது 37, 38 காட்டும். உள்ளே காற்று சூடாகி விரிகிறது. அப்படியே விட்டால் டயர் பலூன் மாதிரி நடுவில் மட்டும் ரோட்டைத் தொடும். வந்தவுடன் அளந்து, கொஞ்சம் இறக்கிவிட வேண்டும். ஷூ பாலிஷ் பாட்டிலால் டயரின் தோள்பட்டையில் குறுக்கே ஒரு கோடு போடச் சொன்னார். ஓட்டிவிட்டு வந்து பார்த்தால் கோடு எதுவரை அழிந்திருக்கிறது என்று தெரியும். பக்கவாட்டு வரை அழிந்திருந்தால் காற்று குறைவு, தோளுக்கே வரவில்லை என்றால் அதிகம். பத்து ரூபாய்ப் பரிசோதனை. நான் ஒவ்வொரு செஷனுக்கும் நேரம், நாலு டயரின் காற்று, பெடல் எப்படி இருக்கிறது என்று நோட்டில் குறித்தேன். கடைசி காலத்தை நான் பையனைக் கேட்டுத்தான் நிரப்பினேன், என் அபிப்பிராயத்தைக் கொண்டு இல்லை.

பெடல் சாயங்காலம் வரை கல்லாக நின்றது. டயர்தான் தேய்ந்தது. முன் டயர்களின் வெளித்தோள் ஒரே நாளில் ரோமம் ரோமமாகப் பிய்ந்திருந்தது. பெரியவரின் சாதாரண டயர் அவ்வளவு பிய்யவில்லை. அவர் கத்திக்கொண்டே பையனை இரண்டு தடவை முந்தினார். கத்தியது டயர்.

வீட்டுக்குக் கிளம்பும் முன் இறக்கிய காற்றைத் திரும்ப ஏற்ற வேண்டும், மறந்துவிடாதீர்கள். ஆறிய டயர் 25-க்கு வந்திருக்கும்.

அக்காவிடம் அந்தப் புல் சமாச்சாரத்தைச் சொல்லவில்லை என்பது உறுத்திக்கொண்டே இருந்தது. ஒரு ஞாயிறு மத்தியானம், மீன் குழம்பு சாப்பிட்ட தைரியத்தில் சொல்லிவிட்டேன். ஆயில், 350 ரூபாய், "புது டயர்ல, அப்படித்தான் இருக்கும்" எல்லாவற்றையும்.

அக்கா தட்டை எடுத்துக்கொண்டே சொன்னாள். "தெரியும். அடுத்த நாள் காரைப் பாத்தேன். பம்பருக்குள்ள புல்லு சொருகியிருந்துச்சு. பீச் ரோட்ல ஏதுடா அவ்ளோ புல்லு?"

"ஏன் கேக்கலை?"

"நீ எப்ப சொல்றேன்னு பாத்தேன்." சமையலறைக்குள் போனவள் திரும்பி வந்தாள். "ஏன்டா, போன மே மாசம் கொல்லிமலைலேர்ந்து இறங்கறப்ப கருகுற நாத்தம் வந்துச்சே. முன்னாடி போற லாரின்னு சொன்னே. முன்னாடி லாரியே போகலியே?"

எழுபது கொண்டை ஊசி வளைவு. முன் சீட்டில் அம்மா, பின்னால் அக்கா, என் மனைவி, மகள். மூன்றாவது கியரில், பிரேக்கில் காலை வைத்தபடியே அடிவாரம் காரவள்ளி வரை இறங்கினேன். என் கார் வாங்கி ஏழு வருஷம்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்குப் பாய் ஷெட்டில் வரிசையில் ஐந்தாவதாக என் கார் நின்றது. பழைய ஆயிலை ஒரு தண்ணீர் பாட்டிலில் பிடித்துக் காட்டினார். டிகாக்‌ஷன் நிறம்.

"எவ்வளவு பாய்?"

"அதே முந்நூத்தம்பதுதான் சார். லேபர் தனி."